படுக்கைக்குக் காப்பீடு, மாத்திரைக்கு?

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கப்பட்டது முதல், அதன் விரிவாக்கம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இன்னும் யாரைச் சேர்ப்பது? 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி முதலில் 10.74 கோடிக் குடும்பங்கள். பிறகு, அரசுத் திட்டத்திலும் இடமில்லாமல் தனியார் காப்பீடும் இல்லாமல் நிற்போர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்று 2021இல் நிதி ஆயோக் சுட்டியது. 2024 அக்டோபரில், வருமான வரம்பின்றி 70 வயது நிறைந்த அனைவரும் உள்ளே வந்தனர். அந்த வயதை 60 ஆக்கும் கோரிக்கையும் எழுந்துவிட்டது.

எதைச் சேர்ப்பது என்பதை இந்த அளவுக்கு யாரும் கேட்பதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். அனுமதிக்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தும் அதில் அடங்கும். 16ஆம் நாளிலிருந்து காப்பீட்டுக்குப் பொறுப்பில்லை. எழுபது வயதுக்காரர் பலருக்கு அன்றாடம் வேண்டியதோ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. அதற்குப் பணம் தராத அட்டை, மாத்திரை விட்டுப்போனதால் வரும் பக்கவாதத்துக்கும் டயாலிசிசுக்கும் தாராளமாகத் தருகிறது.

இதைக் காப்பீட்டின் இயல்பு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் தொழிலாளர்களுக்கு மருந்தகம் வழியே புறநோயாளி சிகிச்சை தந்துவருகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1954 முதல் அதே வசதி உண்டு. ஏழைக்கென்று திட்டம் வரைந்தபோதுதான் புறநோயாளிப் பிரிவு விடுபட்டது. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இதய அறுவைக்கு அட்டை தந்ததை மேடையில் சொல்லலாம். மாதாமாதம் மாத்திரை தந்ததை எந்த மேடையில் சொல்வது?

மறுப்பு ஒன்று வலுவானது. சிறு தொகைக்கான கோடிக்கணக்கான புறநோயாளிக் கோரிக்கைகளை எப்படிச் சரிபார்ப்பது? ஒரே கைப்பேசி எண்ணில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை வெளிக்கொணர்ந்தது. உள்நோயாளி அளவிலேயே பதிவேடு இப்படியென்றால், மருந்துச்சீட்டு அளவில் என்ன ஆகும்?

மறுப்பை ஏற்கிறேன், ஆனால் அது புறநோயாளி சிகிச்சையைக் கைவிடச் சொல்லும் வாதமாகாது, காப்பீட்டுக்கு வெளியே அதை நடத்தச் சொல்லும் வாதம். தமிழ்நாட்டில் இரண்டும் அருகருகே நடக்கின்றன. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறிய காப்பீடு மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், கோரிக்கைப் படிவம் எதுவுமின்றிச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்ய 1994இல் நிறுவிய மருத்துவப் பணிகள் கழகம் முன்பே இருந்ததால்தான் இது முடிந்தது. அத்தகைய கொள்முதல் அமைப்பு வலுவாக இல்லாத மாநிலம் இதை அப்படியே எடுத்தாள முடியாது.

2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்தச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து தருவது 39.4 விழுக்காடு, 2013-14இல் அது 64.2. இந்தச் சரிவின் அளவை ஏற்காத பொருளியலாளர்கள் உண்டு. ஏற்றாலும், மீதமுள்ள சுமையில் புறநோயாளிச் செலவும் மருந்தும் பெரும்பங்கு வகிக்கின்றன. வயது வரம்பை 60க்கு இறக்குவதால் அது குறையாது. ஆயுஷ்மான் பாரத்தின் இன்னொரு பாதியாக 2018இலேயே அறிவிக்கப்பட்ட ஒன்றரை லட்சம் நலவாழ்வு மையங்கள் அதற்காகவே வந்தவை. புதிய வயதினருக்குக் காப்பீட்டுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அம்மையங்களின் மருந்து இருப்புக்குத் திருப்புவதா என்பதையே நாடாளுமன்றம் முதலில் விவாதிக்க வேண்டும்.