நாலு வகை டிரைவரும் தொலைஞ்சு போன தமிழும்

டிரைவர்னா ஆட்டோதான் ஞாபகம் வரும். பொட்டி தட்டுறவங்களுக்கு இன்னொரு டிரைவர் உண்டு: புரோகிராமையும் டேட்டாபேஸையும் பேச வைக்கிற மென்பொருள். காலேஜ்ல அதோட நாலு வகையையும் படம் போட்டு எழுதி மார்க் வாங்கினதோட சரி. ஆனா அந்த வரலாற்றுல நம்ம தமிழுக்கும் பங்கு இருக்குங்க.

முன்னாடி ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனியா நிரல் எழுதணும். 1992-ல மைக்ரோசாஃப்ட் ஓடிபிசின்னு பொது வழி ஒண்ணு கொண்டு வந்துச்சு. 1997-ல ஜாவா 1.1-ஓட ஜேடிபிசி வந்துச்சு (எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு :-)). அதுல நாலு வகை.

டைப் 1 ஒரு பாலம். ஜாவா சொல்றதை ஓடிபிசிக்கு மாத்தும், ஓடிபிசி அதை டேட்டாபேஸுக்கு மாத்தும். ஜாவாவுக்குன்னு டிரைவர்கள் அதிகம் இல்லாத ஆரம்ப காலத்துல இதுதான் கை கொடுத்துச்சு. டைப் 2 டேட்டாபேஸ் கம்பெனியோட சொந்த லைப்ரரியைக் கூப்பிடும். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அதை நிறுவணும். டைப் 3-ல நடுவுல ஒரு சர்வர். டைப் 4 முழுக்க ஜாவா, டேட்டாபேஸோட நேரா பேசிடும்.

எங்க ராஜா அண்ணாமலைபுரக் கணக்குல சொன்னா, டைப் 1 ரெண்டு பஸ் மாறிப் போறது. டைப் 4, கிரீன்வேஸ் ரோடுல பறக்கும் ரயில் ஏறி நேரா திருவான்மியூர்ல இறங்குறது.

வண்டி மாறுற இடத்துலதானே மூட்டை தொலையும்? தமிழும் அங்கேதான் தொலைஞ்சுது. ஜாவாவுக்குள்ள எழுத்தெல்லாம் யூனிகோட். பாலமோ அதை விண்டோஸோட பழைய எழுத்து அட்டவணைக்கு மாத்தித்தான் அனுப்பும். அரபிக்கு, தாய் மொழிக்கு எல்லாம் அப்படி ஓர் அட்டவணை உண்டு. தமிழுக்குக் கிடையவே கிடையாது. 'முருகன்'னு அனுப்பினா, ஏழு கேள்விக்குறியா போய் உட்காரும். திரையில தெரியறது நாலு எழுத்து. யூனிகோட் கணக்குல கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து ஏழு.

இதுல வேடிக்கை, 1999-ல தமிழக அரசு ஏத்துக்கிட்ட டாம், டாப் குறியீடுகள் பெரும்பாலும் பாலத்தைத் தாண்டிடும். அதோட கண்ணுக்கு அதெல்லாம் ஐரோப்பிய எழுத்து!

2010-ல அரசும் யூனிகோடுக்கு மாறிடுச்சு. 2014-ல ஜாவா 8 அந்தப் பாலத்தையே தூக்கிடுச்சு. இன்னைக்குப் பெரும்பாலும் டைப் 4 ராஜ்ஜியம்தான்.

ஆனா கேள்விக்குறியா சேமிச்ச பேரை எந்த டிரைவராலயும் மீட்க முடியாது. உள்ள இருக்கறதே கேள்விக்குறிதான், எழுத்து இல்லை. அதனால பழைய பட்டியலை மாத்துற புண்ணியவான்களே, முதல்ல ஒரே ஒரு தமிழ்ப் பேரை அனுப்பி, திரும்ப எடுத்துப் பார்த்துட்டு மத்த ஆணியைப் புடுங்குங்க.