விளம்ப காலத்தின் வரலாறு: இலையுதிர்காலத்தில் கேட்கத்தக்க டூம் மெட்டல்

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஐரோப்பிய, அமெரிக்க இசை இதழ்கள் இலையுதிர்காலத்துக்கு உகந்த புதிய ஹெவி மெட்டல் இசைத்தொகுப்புகளைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிடும். அப்பட்டியல்களில் டூம் மெட்டல் எனப்படும் மெதுவான, கனத்த, துயரம் தோய்ந்த கிளைக்குத் தனியிடம் உண்டு. 2025ஆம் ஆண்டின் பட்டியல்களை வாசிப்போர் ஓர் இழப்பையும் உடன்வைத்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் அரங்கில் பிளாக் சாபத் குழுவின் முதல் நால்வரும் இறுதியாக ஒருமுறை சேர்ந்து வாசித்தனர். ஜூலை 22 அன்று பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார். அம்மாத இறுதியில் அவருடைய இறுதி ஊர்வலம் அந்நகரின் பிராட் தெருவில், குழுவின் பெயரையே தாங்கிய பாலத்தருகே நின்று சென்றது. அவ்வரங்கம் இருப்பது ஆஸ்டன் பகுதியில். நால்வரும் வளர்ந்த தெருக்கள் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவே.

இப்பருவத்துக்கும் இவ்விசைக்குமுள்ள உறவை விளம்பரத்துறையின் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. பிளாக் சாபத்தின் முதல் இசைத்தட்டு ஒலிப்பதிவானதே ஓர் இலையுதிர்கால நாளில்தான். 1969 அக்டோபர் 16 அன்று, லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், தயாரிப்பாளர் ராஜர் பெய்ன் மேற்பார்வையில், மேடையில் வாசிப்பதுபோலவே குழுவினர் ஒரே நாளில் வாசித்து முடித்தனர். தொடக்கத்தில் ஒலிக்கும் மழையும் இடியும் கோயில் மணியும் பின்னர் சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெர்டிகோ நிறுவனம் அதை வெளியிட்டது. அட்டைப்படத்தில் தேம்ஸ் கரையிலுள்ள மேப்பிள்டர்ஹாம் நீராலை. அதன்முன் கருநிறப் போர்வையணிந்த ஒரு பெண். சுற்றிலும் பழுத்துச் சருகான புதர்கள். கீஃப் என அறியப்பட்ட கீத் மக்மில்லன் எடுத்த அப்படம், பின்வந்த ஐம்பதாண்டு டூம் அட்டைப்படங்களுக்கு மூலப்படிவமாயிற்று. உள்மடிப்பில் அச்சான தலைகீழ்ச் சிலுவை நிறுவனத்தார் குழுவைக் கேளாமல் சேர்த்தது. அதனால் விளைந்த அவப்பெயரைச் சுமந்தவர்கள் குழுவினரே.

இவ்விசையின் தோற்றம் குறித்து இரு கதைகள் வழங்குகின்றன. ஒன்று சாத்தானின் கதை, மற்றது தொழிற்சாலையின் கதை. ஆய்வுலகம் முதலாவதை எளிதில் தள்ளிவிடுகிறது. இரண்டாவதைப் போதிய கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது.

தொழிற்சாலைக் கதையின் சாரம் அனைவரும் அறிந்ததே. டோனி ஐயோமிக்குப் பதினேழு வயது. தகட்டுத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு செல்லவிருந்தார். கடைசி நாளின் நண்பகல் உணவுக்குப் பின் திரும்பிச் செல்ல மனமின்றி இருந்தவரை, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பிவைத்தார். பழக்கமில்லாத அழுத்து இயந்திரத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாயின. ஐயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பணிமேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்து, தீவிபத்தில் கைவிரல்கள் சிதைந்த பின்னும் வாசித்தவர் இவர் என்றார். ஐயோமி நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கிதாரில் பூட்டி மீண்டும் கற்றார்.

இதுவரை சான்றுண்டு. இதன்மேல் கட்டப்படும் முடிவில்தான் சிக்கல். விரல் வலியைத் தவிர்க்கத் தந்திகளைத் தளர்த்தினார், அதனால் சுருதி தாழ்ந்தது, அதனால் டூம் பிறந்தது என்று சங்கிலி கோத்துவிடுகிறார்கள். காலவரிசை இதற்கு இடங்கொடுப்பதில்லை. முதல் இசைத்தட்டு வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்திய சுருதி இசைத்தட்டில் கேட்பது 1971இல் வெளிவந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில்தான். இருளும் மந்தகதியும் அதற்கு முன்பே முழுமையாக அமைந்துவிட்டன. ஆகவே காயத்தைக் காரணமாகக் கொள்ளும்போது அளவறிந்து கொள்ள வேண்டும். மெல்லிய தந்திகளும், முழுக் கார்டுகளுக்குப் பதில் இருசுரப் பிணைப்புகளைச் சார்ந்திருந்ததும் காயத்தின் நேரடி விளைவுகள் எனலாம். மெதுவாக வாசிப்பது ஒரு தெரிவு. பர்மிங்ஹாமின் இயந்திரங்களில் விரலிழந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களுள் ஒரு புதிய இசையைக் கண்டவர் ஒருவரே. விபத்தை மூலகாரணமாக்குவது அத்தெரிவின் பெருமையைக் குறைக்கிறது. அதோடு விபத்தையே ஏதோ நற்பேறாக மாற்றிவிடுகிறது. தொழிலாளர் வரலாறு பயில்வோர் இந்தப் பின்னதைக் குறித்துச் சற்றே அஞ்ச வேண்டும்.

எனினும் ஆலைநகரின் தடம் இவ்விசையில் இல்லை என்று பொருளில்லை. ஆஸ்போர்ன் மாடறுப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். தாயார் பணியாற்றிய லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஒலிப்பான்களுக்குச் சுருதி சரிபார்த்தவரும் அவரே. கீசர் பட்லர் கணக்கர் பயிற்சியில் இருந்தவர். ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் வெற்றிடங்களே இத்தலைமுறையின் விளையாட்டுத் திடல்கள். கலிஃபோர்னியாவிலிருந்து பூக்களைப் பற்றிய பாடல்கள் வந்துகொண்டிருந்தபோது ஆஸ்டன் தெருக்களில் அவற்றை நம்புவதற்கு அதிகக் காரணமிருக்கவில்லை. பட்லர் எழுதிய வார் பிக்ஸ் பாடல் சூனியக்காரிகளின் இரவைக் குறிக்கும் வால்பர்கிஸ் என்ற தலைப்போடு தொடங்கி, வியட்நாம் போரை நடத்தியோர் மீதான குற்றச்சாட்டாக முடிந்தது. 1970 செப்டம்பரில் வெளியான பாரனாய்ட் இசைத்தட்டு அப்பாடலோடுதான் தொடங்குகிறது. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. விமர்சகர்களோ முகஞ்சுளித்தனர். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் முதல் இசைத்தட்டைக் கிரீம் குழுவின் மோசமான நகலாகவே மதிப்பிட்டிருந்தார்.

சாத்தான் கதையும் ஒரு சுரத்தைப் பற்றியே நிற்கிறது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலின் அடிப்படை மூன்று ஒலிகள்: ஒரு சுரம், அதன் மேல்ஸ்தாயி, பின்பு ஆறு அரைச்சுரத் தொலைவிலுள்ள இன்னொரு சுரம். ஹோல்ஸ்ட்டின் கோள்கள் தொகுதியிலுள்ள செவ்வாய்ப் பகுதியில் பட்லருக்கிருந்த ஈடுபாடு இதற்கு வழிவகுத்தது. இவ்விடைவெளியை இடைக்காலத் திருச்சபை சாத்தானின் சுரமெனத் தடைசெய்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அத்தகைய தடைக்கு ஆதாரமில்லை. இசையில் சாத்தான் எனும் பொருள்தரும் இலத்தீன் தொடரைப் பதினெட்டாம் நூற்றாண்டு இசைநூலோர் எழுத்துகளில் காண்கிறோம்; அதுவும் இசையமைப்போருக்கான எச்சரிக்கையாக. கருநாடக இசை பயின்றோருக்கு இது ஷட்ஜத்திலிருந்து பிரதிமத்தியமம் வரையுள்ள தொலைவு என்று சொன்னால் போதும். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி முப்பத்தாறு இச்சுரத்தை ஏந்தியவை, கல்யாணி உட்பட. கல்யாணியில் மங்கலமாகக் கேட்கும் தொலைவு ஆஸ்டனில் அச்சமாகக் கேட்கிறதென்றால், அச்சம் இருப்பது சுரத்தில் இல்லை. காலப்பிரமாணத்திலும் ஒலியின் தடிமனிலும் சுரங்களுக்கிடையே விடப்படும் மௌனத்திலும் இருக்கிறது. அப்பாடலில் வருபவன் சாத்தானைக் கண்டு அஞ்சிக் கடவுளை அழைப்பவன் என்பதையும் எதிர்ப்பாளர் கவனித்ததில்லை.

மெட்டலைப் பற்றிய கல்விப்புல நூல்களுள் ராபர்ட் வால்சர் 1993இல் வெளியிட்டது முன்னோடியானது. ஆனால் பாக், விவால்டி முதலியோரிடமிருந்து கிதார் கலைஞர்கள் பெற்ற விரைவுத் திறனுக்கு அது கொடுத்த எடை, மெதுவாக வாசித்தவர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அவர்களின் வழிமரபு நெடியது. வாஷிங்டன் வட்டாரத்தில் 1971 முதல் இயங்கிய பென்டாகிராம் தன் முதல் இசைத்தட்டை வெளியிட 1985 வரை காத்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் செயின்ட் வைட்டஸ் குழுவுக்குப் புகலளித்தது எஸ்.எஸ்.டி. என்ற பங்க் நிறுவனம். 1986இல் சுவீடனின் கேண்டில்மாஸ் வெளியிட்ட எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ் இக்கிளையின் பெயரைத் தன் தலைப்பிலேயே ஏற்றது.

வேகத்தின் எல்லையும் மெதுவின் எல்லையும் ஒரே மனிதரிடம் சந்தித்ததே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. பர்மிங்ஹாம் வட்டாரத்தின் நேபாம் டெத் குழு, ஏறத்தாழ ஒரு விநாடியில் முடியும் பாட்டைப் பதிவுசெய்த குழு. அதில் பாடிய லீ டோரியன் 1989இல் விலகி கதீட்ரல் குழுவைத் தொடங்கினார். 1991இல் வந்த ஃபாரஸ்ட் ஆஃப் ஈக்விலிப்ரியத்தில் ஒவ்வொரு தாள அடியும் அடுத்ததற்காகக் காத்திருக்கிறது. அதே ஆண்டுகளில் வடக்கே யார்க்‌ஷையரில் கம்பளி, கம்பள ஆலைகள் மூடப்பட்ட நகரங்களிலிருந்து பாரடைஸ் லாஸ்ட்டும் மை டையிங் பிரைடும் எழுந்தன. முன்னதன் ஊரான ஹாலிஃபாக்ஸில் பெரும் கம்பள ஆலையான டீன் கிளஃப் 1980களின் தொடக்கத்தில்தான் ஓய்ந்திருந்தது. ஆஸ்டனின் இசை ஓடிக்கொண்டிருந்த ஆலையின் இசையென்றால், இவர்களுடையது நின்றுபோன ஆலையின் இசை. வயலினும் பெண்குரலும் இங்கே நுழைகின்றன.

இந்தியாவில் இம்மரபு பெங்களூரில் வேரூன்றியது. 1990களில் டையிங் எம்பிரேஸ் முதலில் நின்றது. பின்னர் பெவார் ஸீ, ஜின் அண்ட் மிஸ்கடானிக் ஆகிய குழுக்கள் வந்தன. பெவார் ஸீ என்பது ஆங்கிலக் கடற்பெயர்போல் ஒலித்தாலும், நாதியற்றவன் எனத் திட்டும் கன்னடச் சொல்லின் வேடமே. இலையுதிர்காலம் என்பதே அங்கில்லை. இடப்பின்னணியைக் கொண்டே இவ்விசையை விளக்கிவிடலாம் என்போர் இக்குழுக்களைக் கேட்ட பின் தம் வாதத்தைத் திருத்திக்கொள்ள நேரும்.

இப்பருவத்தில் கேட்கத் தொடங்குவோர் முதல் இசைத்தட்டின் முதற்பாடலையும், அடுத்து மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியின் இன்டு த வாய்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். சுருதி தாழ்ந்ததால் விளைந்த வேறுபாடு செவிக்கே புலப்படும். பிறகு கதீட்ரல், பிறகு மை டையிங் பிரைடின் டர்ன் லூஸ் த ஸ்வான்ஸ். 1993 அக்டோபரில் வந்த அதுவே இவ்வகையின் உச்சம் எனக் கருதத் தகும். புதியவற்றுள் 2025 செப்டம்பர் 19 அன்று வெளிவந்த பாரடைஸ் லாஸ்ட்டின் அசென்ஷன் முதலில் வைக்க வேண்டியது. முப்பத்தைந்தாண்டு கடந்த குழுவின் பதினேழாவது இசைத்தொகுப்பு. கைபேசியின் சிறு ஒலிபெருக்கி பட்லரின் பாஸ் கிதாரை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். நல்ல காதணி ஒலிப்பான்களை இரவல் வாங்கியாவது கேட்பது நலம்.