தமிழ்நாட்டு வீடுகளின் கூரை

தமிழ்நாட்டில் ஒரு வீடு எவ்வளவு செலவில் எழும்பும், எத்தனை காலம் நிற்கும், உள்ளே எவ்வளவு வெக்கை தங்கும் என்பதையெல்லாம் சுவரைவிடக் கூரைதான் தீர்மானித்து வந்திருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் வெயில் உச்சியில் நின்று அடிக்கிற நிலம் இது. சுவரைத் தாழ்வாரமும் மரநிழலும் காத்துவிடும். கூரைக்கு அப்படி மறைப்பு ஏதும் கிடையாது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் அதோடு வரும் புயலும் கூரையைத்தான் முதலில் சோதிக்கின்றன.

மிகப் பழையது ஓலைக் கூரை. காவிரிப் படுகையில் தென்னங்கீற்று, தெற்கே வறண்ட மாவட்டங்களில் பனையோலை, நெல் விளையும் இடங்களில் வைக்கோல், ஏரிக்கரைகளில் விழல் என்று அந்தந்த ஊரில் கிடைத்ததே கூரையாயிற்று. தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நடுவே பிளந்து, இலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக முடைந்தால் கீற்று. மூங்கிலோ சவுக்கோ பரப்பி அதன்மேல் கீற்றைக் கட்டுவார்கள். இறவாரம் தாழ இறங்கும். ஆள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மண்சுவரில் சாரல் படாமல் இருக்க அதுவே வழி. சூட்டை உள்ளே விடாததில் கீற்றுக்கு இணையாக இன்றுவரை மலிவான பொருள் வரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஓரிரு ஆண்டில் மக்கிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்புக்கு நொடியில் இரையாகும். காற்றுக்கும் தாங்காது.

ஓடும் புதிதல்ல. கீழடி அகழாய்வில் கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சட்டத்தோடு பிணைப்பதற்கு அவற்றில் துளைகள் இருக்கின்றன. பிற்காலத்தில் ஊரெங்கும் பரவிய நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் பிறந்தது. அடி அகன்று நுனி குறுகிய குழாயாக வனைந்து, பாதி காய்ந்ததும் நெடுக்காக இரண்டாக வகிர்ந்து சூளையில் வைப்பார்கள். பனஞ்சட்டத்தின் மேல் இதைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கடுக்காகப் போடும்போது இடையில் சந்துகள் விழும். வெக்கை அந்தச் சந்துகள் வழியே வெளியேறும். குரங்கு ஓடினாலும் தேங்காய் விழுந்தாலும் உடையும் என்பதால் மழைக்கு முன் ஓடு மாற்றுவது வருடாந்தர வேலை.

1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் தட்டையான அதன் ஓடு, குறைந்த எண்ணிக்கையில் அதிகப் பரப்பை மூடியது. நாட்டு ஓட்டைவிடக் கூரையின் கனமும் குறைந்தது. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கிட்டங்கி என்று பரவி வீடுகளுக்கும் வந்தது. குயவர்களின் ஓட்டு வியாபாரம் அதிலிருந்து சரியத் தொடங்கியது.

எந்தக் கூரையை யார் போடலாம் என்பதைப் பணம் மட்டும் முடிவு செய்யவில்லை. தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஓலைக் குடிசையை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்க்கிற வரலாறு இதைத் தவறவிடுகிறது.

வசதியுள்ளவர்களின் கட்டடங்களிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் மேலே தளம் போட்டார்கள். கட்டடக் கலையில் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற இந்த முறை, கைத்திறனில் மற்ற எல்லாக் கூரைகளையும் விஞ்சியது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரமும் அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகளும் வரும். ஓர் அங்குலமே கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, குத்துக்கல்லாக, சுவருக்குக் குறுக்குவாட்டில் சாய்கோணத்தில் அடுக்கிக்கொண்டே போவார் கொத்தனார். ஒரு மூலையில் ஆரம்பித்தால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே பலகை அடித்து முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. இந்த ஒரு சிக்கனத்தைப் பின்னால் வந்த காங்கிரீட்டால் தர முடியவில்லை.

செங்கல் வரி இறுகியதும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நான்கு அங்குலக் கனத்துக்குக் கொட்டுவார்கள். மரக்கட்டைகளோடு சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து அதை நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நான்கு அங்குலம் மூன்று அங்குலமாக இறுகும்வரை அடி நிற்காது. அதற்கும் மேல் சுண்ணாம்பில் பதித்த தட்டோடு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றி, மாடு சுற்றும் கல் செக்கில் மணலோடு அரைத்த சுண்ணாம்பு அது. கனமான இந்தத் தளத்தில் பகல் வெயில் கீழே இறங்க நெடுநேரம் ஆகும். மழைநீரும் எளிதில் ஊறாது. மொட்டைமாடியில் வடகம் காய்வதும் ராத்திரி பாய் விரிப்பதும் இந்தத் தளத்தின் உபயம்.

இத்தனை சிறப்பும் ஏழைக்கு எட்டவில்லை. தேக்கு விலை, சுண்ணாம்பு அரைக்கும் நேரம், நாள் கணக்கான கூலி என்று எல்லாமே செலவு. கட்டையில் கரையான் ஏறினால் தளம் தொங்கிவிடும். சிமெண்ட் வந்ததும் இதன் காலம் முடிந்தது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் மதராஸில்தான் நடந்தது என்றாலும் அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே நிலைத்தது. தமிழ்நாட்டில் மதுக்கரையிலும் பிறகு தாழையூத்திலும் ஆலைகள் எழுந்தன. கம்பியும் சிமெண்டும் கடையில் கிடைக்க, மரமில்லாமலே அகலமான அறைக்கும் தளம் போடலாம் என்றானது. ஒரே நாளில் காங்கிரீட் போட்டு முடித்துவிடலாம் என்பது கொத்தனார்களுக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய விடுதலை. பழைய தளத்தின் மேல் அடுக்குகள் மட்டும் பிழைத்தன: காங்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடும் வழக்கம் இங்கே நெடுங்காலம் நீடித்தது. சேப்பாக்கத்து ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித் துறை புதுப்பித்தபோது மெட்ராஸ் டெரஸ் முழுமையாக மறுபடி போடப்பட்டது. அந்த வேலை தெரிந்த கைகள் இன்று மிகச் சிலவே.

ஏழைகளின் கூரை மாறியதற்குப் பெருங்காரணம் நெருப்பு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். பள்ளிகளில் கீற்றுக்கு அதன்பின் இடமில்லாமல் போனது. காற்றும் தன் பங்கைச் செய்தது. 2011 டிசம்பரில் தானே, 2018 நவம்பரில் கஜா என்று கரையைக் கடந்த புயல்கள் குடிசைகளைப் பெயர்த்து எறிந்தன. கஜா தென்னந்தோப்புகளையே சாய்த்ததால், கூரை வேயக் கீற்றுக் கிடைப்பதும் அரிதாயிற்று. குடிசைகளை மாற்றும் பொறுப்பை அரசு மேலும் மேலும் ஏற்றுக்கொண்டது. நகரங்களுக்காக 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. கிராமங்களுக்கு 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் சூரியசக்தி விளக்கோடு 300 சதுர அடி பசுமை வீடு என்று திட்டங்கள் வந்தன.

இந்த வீடுகள் தீயிலிருந்தும் காற்றிலிருந்தும் காத்தன. வெக்கையிலிருந்து காக்கவில்லை. நான்கைந்து அங்குலக் காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி அறைக்குள் இறக்குகிறது. செலவைச் சுருக்கும் இடங்களில் முதலில் விடுபடுவது மேலே போட வேண்டிய செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும்தான். அவற்றை விட்டுவிட்டு மின்விசிறியை நம்புவது வீட்டுக்காரர் தலையில் மாதாமாதம் செலவைக் கட்டுவதாகும்.

மாற்று வழிகளைத் தேடியவர்களும் உண்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், காங்கிரீட் தளத்தில் பாரம் தாங்காத அடிப்பகுதியில் மங்களூர் ஓட்டைப் புதைத்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தினார். அந்த ஓடு சூட்டையும் ஓரளவு தடுத்தது. 1989 முதல் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், அழுத்திய மண்கல்லால் கம்பியே இல்லாமல் வளைகூரை எழுப்பக் கற்றுக்கொடுத்து வருகிறது. சுவருக்குச் சிக்கனமான மண்கல்லை ஏற்றவர்களில் பலரும் வளைகூரைக்குத் தயங்கினார்கள். மேலே ஒரு மாடி எளிதில் எடுக்க முடியாதே என்பதே காரணம்; தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வீட்டைப் பிள்ளைகளின் காலத்துக்கும் சேர்த்தே கட்டுகின்றன என்பதால் அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகளைக் குறிவைக்கிறது. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 காங்கிரீட்டாக இருக்க வேண்டும். மீதி 60 சதுர அடியில் ஓடு போன்ற தீப்பிடிக்காத கூரை போட்டுக்கொள்ளலாம். கீற்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அனுமதியில்லை.