படத்தைச் சுமக்கும் தபால்காரர்

கணிப்பொறியில் ஒரு புகைப்படத்தைத் திறந்து, அதனை மின்னஞ்சலில் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறோம். “இப்பணிக்கென மின்னஞ்சல் செயலி எதுவும் அமைக்கப்படவில்லை” என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. அதே கணிப்பொறியில் நாள்தோறும் நாம் கடிதம் எழுதி வருகிறோம். அவ்வாறிருந்தும் தபால்காரரே இல்லை என்கிறது அந்தப் பொறி. நேயர்களில் பலருக்கு இவ்வியப்பு நேர்ந்திருக்கும். இதன் காரணம் மின்னஞ்சலின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அந்நாளில் கடிதம் என்றால் எழுத்து மட்டுமே. 1982இல் வகுக்கப்பெற்ற அஞ்சல் விதியும் ஏழு பிட்களில் அடங்கும் ஆங்கில எழுத்துகளையே ஏற்றது. படமோ எட்டுப் பிட்களால் ஆனது. படத்தை எழுத்துகளாக மாற்றி அனுப்பும் உத்திகள் சில இருந்தனவேனும், பெறுபவர் அதனை மீண்டும் படமாக்கத் தனியே பாடுபட வேண்டியிருந்தது. வல்லுநர்க்கன்றி ஏனையோர்க்கு அது கைவந்த கலையாகவில்லை.

அக்குறையைத் தீர்த்தவர்கள் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் ஆவர். இவர்கள் வகுத்த ‘மைம்’ என்னும் முறை 1992இல் வெளியாயிற்று. அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் போரன்ஸ்டைன் அனுப்பிய அஞ்சலில், தம் நண்பர்களோடு தாம் பாடிய நால்வர் குழுவின் படமும் பாட்டும் இணைந்து சென்றன. பிற்காலத்தில் பேரக் குழந்தைகளின் படங்களை மின்னஞ்சலில் காண வேண்டும் என்பதே தம் ஆசை என்று அவர் கூறியதுண்டு. பெரிய கண்டுபிடிப்புக்கு இத்துணை எளிய காரணம் அமைந்தது மகிழ்ச்சிக்குரியது. இம்முறையில் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாறுகின்றன. ஆதலின் படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு பெருகும்.

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மாணவர்க்கென வழங்கிய மலிவான இணைப்பில் எழுத்து மட்டுமே திரையில் வந்தது. படம் பார்க்க வழியில்லை.

இதற்கிடையே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘மாப்பி’ என்னும் ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. புகைப்படச் செயலி தானே அஞ்சல் அனுப்பாது, “இங்கே தபால்காரர் யார்?” என்று விண்டோஸைக் கேட்கும். பதிவேட்டில் இயல்புநிலையாகக் குறிக்கப்பட்ட செயலியிடம் படம் ஒப்படைக்கப்படும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் உடன் வந்தமையால் யாருக்கும் தொல்லையில்லை.

ஆயின், 1996 ஜூலை 4இல், சண்டிகரில் பிறந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினர். கடிதங்கள் தொலைவிலுள்ள பொறியில் தங்கின. உலாவியே அவற்றைப் பார்க்கும் சன்னலாயிற்று. மக்கள் இவ்வழிக்குப் பெயர்ந்தனர். பதிவேடோ வீட்டுக் கணிப்பொறியிலுள்ள செயலியையே தேடிக்கொண்டிருந்தது. 2009இல் விண்டோஸ் 7 அஞ்சல் செயலி எதுவுமின்றியே வெளிவரவே, இந்தத் தபால்காரர் பதவி பல வீடுகளில் காலியாயிற்று.

உலாவியையே அப்பதவியில் அமர்த்தலாகாதோ எனின், அமர்த்தலாம், பயன் குறைவு. இணையப் பக்கங்களில் முகவரியைத் தொட்டால் கடிதம் திறக்கும் ஏற்பாடு, முகவரி, பொருள், வாசகம் ஆகியவற்றையே சுமக்கும். கோப்பைச் சேர்க்க அதில் விதியில்லை. எனவே தண்டர்பேர்டு போன்ற ஒரு செயலியை நிறுவி, அதில் நம் கணக்கைப் பதிந்து, விண்டோஸ் அமைப்புகளில் ‘இயல்புநிலைச் செயலிகள்’ பகுதியில் அதனை மின்னஞ்சலுக்கு உரியதாகத் தேர்ந்தெடுப்பதே நேர்வழி. அவ்வாறு செய்ய மனமில்லாதார், உலாவியில் கடிதத்தைத் திறந்து படத்தைத் தாமே இணைப்பதும் தவறன்று.

தபால்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொறியின் சொந்தக்காரருக்கே உரியது என்பது என் கருத்து. எல்லா நிறுவனங்களும் அதனை எளிதில் ஒப்பவில்லை. ஆப்பிளின் ஐபோனில் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் வரை அந்நிறுவனத்தின் அஞ்சல் செயலியன்றி வேறொன்றை இயல்புநிலையாக வைக்க இடமே இருந்ததில்லை.