அலைகடலும் குடாநீரும்: இலங்கையிற் கடற்கரை விடுமுறையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விடுமுறைக் காலத்திற் குடும்பத்துடன் கடலை நாடிச் செல்ல விழையும் ஒருவர் முன் இன்று ஒரு வினா எழுகின்றது. அலை மோதும் திறந்த கரைக்குச் செல்வதா, அன்றி அலையடங்கிய குடாவொன்றை நாடுவதா என்பதே அவ்வினா. இது தனிமனிதரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்த ஒன்றெனத் தோன்றினும், நுணுகி நோக்குமிடத்து இதன் பின்னால் நீண்டதொரு வரலாறு கிடப்பதைக் காணலாம். மருத்துவரின் நம்பிக்கை, புகையிரதப் பாதை, சம்பளத்துடன் கூடிய லீவு, பருவக்காற்று, மீனவரின் வலைப்பாடு, கடலடியிலுள்ள முருகைக்கற் பார் என்பன வெவ்வேறு காலங்களில் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

கடலாடுதல் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்திலே ஒரு காதையே அப்பெயர் பெற்றுள்ளது. பட்டினப்பாலையிற் காவிரி கடலொடு கலக்குமிடத்து மக்கள் முதலிற் கடலில் ஆடிப் பின்னர் ஆற்றுநீரிற் படிந்தமை கூறப்படுகின்றது. கடல்நீர் தீவினை களைவதற்கு, நன்னீர் உடலழுக்குப் போக்குவதற்கு என இரு நீருக்கும் இருவேறு பணிகள் அங்கு வகுக்கப்பட்டிருந்தன. இவ்விரட்டைத் தன்மை ஈழத்திலும் தொடர்ந்தது. வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்தன்று அடியார் கூட்டம் திறந்த கடலிலே இறங்குகின்றது. அங்கே அலையின் வேகமே தீர்த்தத்தின் வேகம். கீரிமலையிலோ கடல் ஒருபுறம் மோதிக்கொண்டிருக்க, சுண்ணக்கற் பாறையிடையே ஊறிவரும் நன்னீரைச் சுவர் கட்டித் தேக்கி, அக்கேணியில் மக்கள் நீராடுகின்றனர். கடலின் அருகிலேயே, ஆயினும் கடலில் அன்று. குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லும் குடும்பத்தினர்க்கு ஏற்ற ஏற்பாடு இது என்பதை நம் முன்னோர் எவ்விதத் திட்டமுமின்றியே கண்டுகொண்டனர் போலும். எனினும் இவை யாவும் சமயக் கடனின் பாற்பட்டவை. ஓய்வுக்காக, உடல் நலத்துக்காக, இன்பத்துக்காகக் கடற்கரை சென்று சில நாள் தங்குதல் என்னும் வழக்கம் பிரித்தானியர் வழியாக நம்மை வந்தடைந்ததொன்றாகும்.

அவ்வழக்கம் பிரித்தானியாவிலே தோன்றியபோது அலையே வேண்டப்பட்டது என்பது இன்று நமக்கு வியப்பளிக்கக் கூடும். சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் றிச்சட் றசல் 1750ஆம் ஆண்டிற் கடல்நீரின் மருத்துவப் பயன் பற்றி இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். சுரப்பிகளில் உண்டாகும் நோய்களுக்குக் கடல்நீரைக் குடிப்பதும் அதில் முழுகுவதும் மருந்தென்பது அவர் கொள்கை. குளிர்ந்த நீரும் உடலிற் சட்டென வந்து மோதும் அலையும் நரம்புகளை உலுக்கி நோயை ஓட்டும் என்று அக்கால மருத்துவர் நம்பினர். நோயாளிகளைச் சில்லுகள் பூட்டிய மரக்கூண்டுகளில் ஏற்றிக் கடலுக்குள் இழுத்துச் சென்று, அங்கே கூலிக்கு நின்ற பெண்கள் பிடித்து நீரில் அமுக்கியெடுத்தனர். இதில் இன்பம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

அமைதியான நீரை விரும்பியவர்கள் குடும்பத்தினரே. இதற்கு அரச குடும்பமே சான்றாக அமைந்தமை சுவையானதொரு செய்தி. வேல்ஸ் இளவரசர் 1783ஆம் ஆண்டு முதற்றடவையாகப் பிறைற்றனுக்குச் சென்றார். பரற்கற்கள் நிறைந்து அலை இரைந்து மோதும் அக்கரை அவருக்கும் அவருடைய களியாட்டத் தோழர்க்கும் உகந்த இடமாயிற்று. அவருடைய தந்தையாராகிய மூன்றாம் ஜோர்ஜ் மன்னரோ நோயினின்று தேறிய பின்னர், 1789இல், அரசியையும் இளவரசிகளையும் அழைத்துக்கொண்டு வேமத்துக்குச் சென்றார். அது மணற்பாங்கான, படிப்படியாக ஆழங் கொள்ளும், காற்றுக்கு ஒதுங்கிய குடாவாகும். மன்னர் நீரில் இறங்கியபோது அருகில் வேறொரு கூண்டிலிருந்த வாத்தியகாரர் அரச கீதம் இசைத்தனராம். தந்தைக்கும் மகனுக்குமிடையே அரசியலில் நிலவிய பிணக்கு கடற்கரைத் தெரிவிலும் வெளிப்பட்டது என்பது மிகைக் கூற்றாகலாம். ஆயினும் தனியன் தேடிய கரையும் குடும்பத்தான் தேடிய கரையும் அன்றே பிரிந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. இலண்டன் நடுத்தர வர்க்கத்தினர் தேம்ஸ் நதிவழியாகப் படகேறி மார்கேற் மணற்கரையை அடைந்தமையும், பின்னர் புகையிரதம் தொழிலாளரையும் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தமையும், 1938ஆம் ஆண்டின் சட்டம் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிகோலியமையும் இக்கதையின் தொடர்ச்சியே.

இலங்கையில் ஆட்சியாளர் கடற்கரையை நாடியபோது கொழும்புக்கு அண்மையிலுள்ள மேற்குக் கரையே அவர்கட்கு வாய்த்தது. தேசாதிபதி மெயிற்லண்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கிசையிலே மாளிகை அமைத்தார். கரையோரப் புகையிரதப் பாதை 1894இற் காலியையும் 1895இல் மாத்தறையையும் அடைந்தது. அலை மிகுந்த திறந்த கரையே இவ்வாறு பயணத்துக்கு எளிதாயிற்று. கிழக்கின் குடாக்களுக்குப் புகையிரதம் சென்றது 1920களின் இறுதியிலேதான். மட்டக்களப்புப் பாதை கல்குடாவைத் தொட்டுச் சென்றமையால், இலவசப் பயணச்சீட்டுப் பெற்ற அரசாங்க ஊழியர் குடும்பத்துடன் இரவு வண்டியேறி விடியலிற் கடலைக் காணும் வாய்ப்புப் பெற்றனர். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் தனியார் துறையினர்க்கும் ஆண்டு லீவை உறுதிசெய்தது. நம் நாட்டிற் கடற்கரை விடுமுறை ஒரு வர்க்கத்தின் சலுகையென்ற நிலை தளர்ந்து நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாகத் தொடங்கியது இக்காலத்திலேயே எனலாம்.

பாசிக்குடா, கல்குடா என்னும் இரு பெயர்களும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கவை. அருகருகே அமைந்த இவ்விரு குடாக்களுக்கும் அவ்வூர் மக்கள் இட்ட பெயர்கள் நீரின் இயல்பையும் கரையின் இயல்பையும் கொண்டு அமைந்தவை. ஒன்று பாசி படரும் குடா. மற்றது கல் கிடக்கும் குடா. பாசி நிலைத்து வளர வேண்டுமாயின் நீர் ஆழங் குறைந்து அலையடங்கி இருத்தல் வேண்டும். பாசிக்குடாவிற் கரையிலிருந்து வெகுதூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. பிறை வடிவான கரையும், வெளியே அலையின் வலுவை உடைக்கும் முருகைக்கற் பாரும், நம் கடலில் ஒரு மீற்றருக்கும் குறைவாகவே ஏறியிறங்கும் பெருக்கு வற்றும் இதற்குக் காரணங்களாகும். உல்லாசப் பயணத்துறையினர் இக்குடாவைக் “கண்டுபிடித்தனர்” என எழுதுவோர் அப்பெயரின் பொருளை ஒருகணம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

ஆயினும் அமைதி என்பது இலங்கையில் இடத்தின் குணம் மட்டுமன்று, மாதத்தின் குணமுமாகும். மே தொடக்கம் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகையில் நீர்கொழும்பு முதல் மாத்தறை வரையுள்ள கரை கொந்தளிக்கின்றது. அதே வேளையில் திருகோணமலையும் மட்டக்களப்பும் குளம்போற் கிடக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கிழக்கைக் கலக்க, ஹிக்கடுவையும் உணவட்டுனவும் அடங்குகின்றன. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் வாடை என்றும், மட்டக்களப்பார் கச்சான் என்றும் கொண்டல் என்றும் காற்றுக்களைப் பிரித்தறிந்தமை இவ்வறிவின் திரட்சியேயாகும். ஆகவே, பாடசாலை விடுமுறை ஓகத்திலாயின் கிழக்கு, மார்கழியிலாயின் தெற்கு, சித்திரையிலாயின் இரண்டுக்கும் ஓரளவு இடமுண்டு என்பதே பொதுவான விடை. இதற்கு விலக்கும் உண்டு. அறுகம்குடாவிற் சித்திரை முதல் ஐப்பசி வரை எழும் நீண்ட அலைகள் உள்ளூர்க் காற்றால் எழுபவையல்ல. தென்சமுத்திரத்திலே வீசும் புயல்கள் எழுப்பிய அலை ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து பொத்துவில் முனையை வளைந்து உடைகின்றது. கிழக்கெங்கும் அமைதி நிலவும் காலத்திலேயே அலைச்சறுக்கு வீரர் அவ்வூரைத் தேடி வருவதன் காரணம் இதுவே.

இவ்விரு பருவங்களையும் முதன்முதலிற் பொருளாதார நோக்கிற் பயன்படுத்தியோர் உல்லாசப் பயணிகள் அல்லர், மீனவரே. மேற்குக் கரையிற் கடல் சீறும் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவக் குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடிகள் அமைத்துத் தொழில் செய்தல் நெடுங்கால வழக்கமாகும். கரைவலை இழுப்பதற்கும் அலையடங்கிய மாதங்களே உகந்தவை. எனவே குடும்பத்தோடு குளிக்க வருபவர் வேண்டும் மணலும் மாதமும், கரைவலைப் பாட்டுக்கு உரியவர் வேண்டும் மணலும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. திறந்த அலைக்கரையில் இம்முரண்பாடு இந்த அளவுக்கு எழுவதில்லை. அமைதிநீர் அரிது, அரிதான பொருளுக்கே போட்டி உண்டு.

அரசு இத்துறையில் இறங்கியது 1966ஆம் ஆண்டில். அவ்வாண்டு இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிற் பத்தாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. கிழக்குக் கரையும் அத்திட்டத்தில் ஒரு வலயமாகக் கொள்ளப்பட்டது. ஐரோப்பியர் தம் குளிர்காலத்தில் வெயிலைத் தேடி மேற்கு, தெற்குக் கரைகளுக்கு வருவர். அவர்தம் கோடை விடுமுறையிற் கிழக்கு அவர்கட்குத் திறந்திருக்கும். இவ்வாறு ஆண்டு முழுவதும் அமைதியான கடலை விற்கலாம் என்பதே அதன் உட்கிடை. கணக்களவில் இது சரியானதே. 1966இற் சுமார் 19,000 பேர் வந்த நாட்டுக்கு 1982இல் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஆனால் திட்டத்தின் ஒரு பாதி 1983உடன் முறிந்தது. 1978 நவம்பரிற் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்திருந்தது. பின்னர் வந்த போர் பாசிக்குடா விடுதிகளை இடிபாடுகளாக்கியது. தமிழ்க் குடும்பங்களுக்கும் கடற்கரை மூடப்பட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் கீரிமலைக் கேணியில் ஆடியமாவாசைக்கு முழுகுவதுங்கூட நெடுங்காலம் நினைவாகவே இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடலுக்கு அருகே பிறந்தும் கடலில் இறங்காமலே வளர்ந்தனர்.

2004 டிசெம்பர் 26 அலைக்கும் அமைதிக்குமிடையே நாம் வகுத்த வேறுபாட்டையே நகைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. தென்மேற்குக் கரையிலே கடல் அடங்கியிருக்கும் பருவமாகையால் விடுதிகள் நிரம்பியிருந்தன. நீர் பின்வாங்கியதைக் கண்டு வியந்து கடலடியை நோக்கி நடந்தோரும் உளர். ஆழங் குறைந்த நீரில் ஆழிப்பேரலை வேகங் குறைந்து உயரம் பெறுகின்றது என்பது பலருக்கு அன்றுவரை தெரியாது. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவர்களுட் பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்தவரல்லர், கரையில் வாழ்ந்தவர். பின்னர் நடந்த ஆய்வுகள் ஒன்றை வெளிக்கொணர்ந்தன. ஹிக்கடுவையில் முருகைக்கற் பார் பேணப்பட்ட இடத்திலே நீர் ஓரளவே ஏறியது. அண்மையிலுள்ள பெரெலியவிலோ சுண்ணாம்புக்காகவும் பிற தேவைகளுக்காகவும் பார் அகழப்பட்டிருந்தமையால், நீர் வெகுதூரம் உட்புகுந்தது. புகையிரதம் ஒன்று பயணிகளோடு அள்ளுண்டதும் அங்கேதான்.

அமைதிநீரைத் தந்த அதே சுவர் அன்றும் ஓரளவு காத்தது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். அலைக்கரையின் ஆபத்து வேறு வகையானது. அலைகள் கரையிற் கொண்டுவந்து குவித்த நீர் எங்கேனும் ஒரு பள்ளத்தின் வழியே கடலுக்குத் திரும்ப வேண்டும். அத்திரும்பும் ஓட்டம் ஒடுங்கியது, வேகமானது. அவ்விடத்தில் அலை உடையாமையால் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். நீச்சல் அறியாத சிறுவர் அமைதியென நம்பி இறங்குவது பெரும்பாலும் அவ்விடத்திலேயே. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாது, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி ஓட்டத்தினின்று விலகுதலே உய்யும் வழி. இதனை நம் பாடசாலைகள் கற்பிக்குமாயின் மார்கழி விடுமுறையிற் சில உயிர்களேனும் எஞ்சும்.

2009க்குப் பின்னர் பாசிக்குடாவில் மீண்டும் விடுதிகள் எழுந்தன. கரையோரக் காணிகள் முதலீட்டாளர்க்குக் குத்தகைக்கு விடப்பட்டன. வள்ளம் ஏற்றும் இடம் சுருங்கிவிட்டதென மீனவர் முறையிட்டனர். உள்ளூர்க் குடும்பம் பொதுக்கரையென ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியிற் கூடிக் குளிக்க, பிறையின் எஞ்சிய நீளம் விடுதிகளின் முற்றம்போல் ஆகியது. சட்டப்படி கடற்கரை எவருக்கும் தனியுடைமையன்று. ஆனால் அங்குச் செல்லும் ஒழுங்கை அடைபட்டால் அவ்வுரிமையாற் பயன் யாது? இதற்கிடையே, நீர் வெப்பமுறுதலால் 1998இலும் 2016இலும் முருகைகள் வெளிறின. பாசிக்குடாவுக்கு வடக்கேயுள்ள காயான்கேணிப் பார் 2019இற் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவ்வெல்லைக்கு வெளியே, கச்சான் தொடங்கியதும், வாடிகள் இன்றும் எழுகின்றன.