ஐந்தாம் பெயரின் விலை: சன்ரைசர்ஸ் தக்கவைப்புப் பட்டியல், ஒரு மறுவாசிப்பு

ஐபிஎல்லின் ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணி 2024 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட தக்கவைப்புப் பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஹென்ரிக் கிளாசன் 23 கோடி, பேட் கம்மின்ஸ் 18 கோடி, அபிஷேக் சர்மா 14 கோடி, டிராவிஸ் ஹெட் 14 கோடி, நிதிஷ் குமார் ரெட்டி 6 கோடி. அடுத்த பருவத்தில் அணி 13 புள்ளிகளோடு ஆறாம் இடத்தில் நின்றபோது, அதற்கான காரணத்தை இந்தப் பட்டியலிலேயே தேடும் வாசிப்பு ஒன்று உருவாகி, இன்று ஏறக்குறைய ஏற்கப்பட்ட முடிவாகவே நிலைத்துவிட்டது. மட்டையாளர் மோகத்தில் கிளாசனுக்குக் கையிருப்பைக் கொட்டினார்கள், பந்துவீச்சுக்குப் பணமில்லாமல் போயிற்று, புவனேஷ்வர் குமாரும் நடராஜனும் கைநழுவினார்கள் என்பதே அதன் சாரம். நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன். பட்டியலை விதிகளோடு அருகருகே வைத்துக் கூட்டிப் பார்த்த பிறகு நம்ப முடியவில்லை.

முதலில் 23 கோடி. அந்த ஆண்டின் விதிப்படி, நாட்டு அணிக்கு ஆடிய வீரர்களைத் தக்கவைத்தால் முதல் மூவருக்கு 18, 14, 11 கோடி, நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் மீண்டும் 18, 14 கோடி என அணியின் மொத்தக் கையிருப்பான 120 கோடியிலிருந்து கழிக்கப்படும். ஐந்தையும் கூட்டினால் 75. சன்ரைசர்ஸ் கொடுத்த ஐந்து தொகைகளைக் கூட்டினாலும் 75 தான். கிளாசனுக்கு உச்ச விகிதத்துக்கு மேல் போன 5 கோடியும், நிதிஷுக்கு 11 கோடி விகிதத்திலிருந்து குறைந்த 5 கோடியும் ஒன்றையொன்று நேர் செய்துவிடுகின்றன. கிளாசனுக்கு 18 மட்டுமே கொடுத்திருந்தாலும் கையில் மிஞ்சியிருக்கக்கூடியது அதே 45 கோடிதான். வீட்டுக்குள் பங்கு பிரித்த கணக்கை வெளியே போன செலவாக எழுதிவிட்டார்கள்.

இதைச் சரிபார்க்க வேறோர் அணியின் பட்டியல் உதவுகிறது. அதே நாளில் கொல்கத்தா ஆறு பேரைத் தக்கவைத்தது. ரிங்கு சிங்குக்கு 13, வருண் சக்கரவர்த்தி, நரைன், ரசல் மூவருக்கும் தலா 12, நாட்டு அணிக்கு ஆடாத இருவருக்குத் தலா 4. கூட்டினால் 57 கோடி. ஏலத்துக்கு அவர்கள் கொண்டுபோனதோ 63 அல்ல, 51. விகிதப்படியான 69 கோடி கழிக்கப்பட்டதே காரணம். வீரர் கையில் வாங்கும் தொகையும் அணியின் பையிலிருந்து போகும் தொகையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பட்டியலில் அச்சான எண்ணை விலையாக எடுத்துக்கொண்டதில்தான் முன்னைய வாசிப்பின் பிழை தொடங்குகிறது.

அப்படியானால் நிதிஷின் விலை என்ன? பட்டியல் 6 கோடி என்கிறது. விகிதத் தொகைக்குள் நால்வரோடு நிறுத்தியிருந்தால் 61 கோடி கழிந்து 59 கோடி மிஞ்சியிருக்கும். ஐந்தாம் பெயரைச் சேர்த்ததால் மிஞ்சியது 45. ஆக, அணிக்கு நிதிஷ் 14 கோடி வீரர். பட்டியலிலேயே மிகச் சிறிய எண்ணுக்குரியவர் உண்மையில் அபிஷேக்கும் ஹெட்டும் வாங்கிய அளவுக்குப் பையைக் கரைத்தார். இந்த 14 கோடியைப் பற்றிய விவாதம் எதையும் நான் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணும் 23 மீதே இருந்தது.

இந்த 14 கோடி என்ற விலையை அணி தீர்மானிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் மையம். ஐபிஎல் தக்கவைப்பு விதிகள் செப்டம்பர் இறுதியில் வெளியாயின. அதே வார இறுதியில் வங்கதேசத்துக்கு எதிரான இந்திய டி20 அணியும் அறிவிக்கப்பட்டது. நிதிஷ் அதில் இருந்தார். அக்டோபர் 6 அன்று குவாலியரில் முதல் ஆட்டம். 9 அன்று டெல்லியில் 34 பந்தில் 74. மூன்றாம் ஆட்டம் 12 அன்று, வேறெங்கும் அல்ல, சன்ரைசர்ஸின் சொந்த மைதானமான உப்பலில்தான். இந்தியா 6 விக்கெட்டுக்கு 297 குவித்த அந்த இரவில் நிதிஷ் ரன் எடுக்காமல் திரும்பினார். அக்டோபர் 31க்கு முன் நாட்டு அணிக்கு ஆடிவிட்டவரை ஆடாதவர் கணக்கில் வைக்க முடியாது. அந்த மூன்று ஆட்டங்களும் நவம்பரில் நடந்திருந்தால் அவர் 4 கோடிக்கு நின்றிருப்பார். விகிதப்படி மொத்தக் கழிவு 65, கையிருப்பு 55. சொந்த அணியின் வீரர் சொந்த மைதானம் வரை வந்து இந்தியாவுக்கு ஆடிப்போனதில் சன்ரைசர்ஸுக்கு 10 கோடி போனது.

பணத்தோடு இன்னொன்றும் போனது. ஓர் அணிக்குத் தக்கவைப்பும், ஏலத்தில் பழைய வீரரைப் பொருத்தி மீட்கும் ஆர்டிஎம் அட்டையும் சேர்த்து மொத்தம் ஆறு இடம். அதில் நாட்டு அணிக்கு ஆடியவர்கள் ஐந்து பேருக்கு மேல் கூடாது. நிதிஷ் ஐந்தாமவராகக் கணக்கில் ஏறிய நிமிடமே அந்த வரம்பு நிறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே அட்டையை நாட்டு அணிக்கு ஆடாத இளைஞர் ஒருவருக்கே பயன்படுத்தலாம். புவனேஷ்வருக்கோ நடராஜனுக்கோ அந்த அட்டையைத் தூக்கும் உரிமை சன்ரைசர்ஸ் மேசையில் அன்று இல்லவே இல்லை. ‘தூக்கவில்லை’ என்று எழுதுகிறவர்கள் இல்லாத அட்டையைப் பற்றி எழுதுகிறார்கள்.

ஜெட்டாவில் நவம்பர் 24, 25 தேதிகளில் நடந்த ஏலத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதல் நாள் சன்ரைசர்ஸ் எடுத்தவர்கள்: இஷான் கிஷன் 11.25 கோடி, முகமது ஷமி 10, ஹர்ஷல் படேல் 8, அபினவ் மனோகர், ராகுல் சாஹர் தலா 3.2, ஆடம் ஜாம்பா 2.4, சிமர்ஜீத் சிங் 1.5, அதர்வா தாய்டே 30 லட்சம். கூட்டினால் 39.85. மறுநாள் காலை கையிருப்பு 5.15 கோடி. புவனேஷ்வரின் பெயர் மறுநாள்தான் வந்தது. பெங்களூரு 10.75 கோடிக்கு அவரை எடுத்துக்கொண்டது. அதில் பாதி விலைக்குக்கூடப் போதாத பையோடு உட்கார்ந்திருந்தவர்கள் ‘விட்டுவிட்டார்கள்’ என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

பந்துவீச்சைப் புறக்கணித்தார்கள் என்பதும் எண்ணில் நிற்பதில்லை. ஷமி, ஹர்ஷல், சாஹர், ஜாம்பா, சிமர்ஜீத், மறுநாள் வந்த உனத்கட், பிரைடன் கார்ஸ், இஷான் மலிங்கா, ஜீஷான் அன்சாரி ஆகிய ஒன்பது பேருக்கும் போனது 28.7 கோடி. மொத்தச் செலவு 44.8. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. மோகம் மட்டையின் மேல் என்றால் இந்தத் தொகைக்கு என்ன விளக்கம்? எவ்வளவு செலவிட்டார்கள் என்பதல்ல கேள்வி. யாரை மீட்கும் வழி அடைந்துபோனது என்பதே கேள்வி.

புவனேஷ்வரை மீட்டிருக்க வேண்டுமா என்பதில் எனக்கே முழு உறுதி கிடையாது. 2024 பருவத்தில் அவர் எடுத்தது 11 விக்கெட்தான். ஆனால் அந்த ஆண்டு மே 2 இரவு உப்பலில் ராஜஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ரன் தேவைப்பட்டது. கடைசிப் பந்தில் 2. புவனேஷ்வர் தாழ்வாக ஒரு ஃபுல் டாஸ் போட்டார். ரோவ்மன் பவலின் காலட்டையில் பட்டது. நடுவர் கை உயர்ந்தது. ஒரு ரன்னில் வெற்றி. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12, அதே மைதானம்: பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி ஓவரை ஷமி வீசினார். கடைசி நான்கு பந்தையும் மார்கஸ் ஸ்டாய்னிஸ் சிக்ஸராக்கினார். ஷமியின் நான்கு ஓவரில் 75 ரன். அன்று அபிஷேக் 55 பந்தில் 141 அடித்து 246 என்ற இலக்கை எட்டவைத்ததால் இது செய்தியாகவில்லை. இரண்டு ஓவர்களை வைத்து இரண்டு பந்துவீச்சாளர்களை எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் பருவ முடிவில் ஷமிக்கு 9 ஆட்டத்தில் 6 விக்கெட், கோப்பை வென்ற பெங்களூருவில் புவனேஷ்வருக்கு 17. நடராஜன் கணக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. 10.75 கோடிக்கு டெல்லி போன சேலத்துக்காரர் அந்தப் பருவத்தில் ஆடியது இரண்டே ஆட்டம். அவரை இழந்ததை உப்பலின் துயரமாகப் பாட எனக்கு மனமில்லை.

அணியைப் புதுப்பிக்கும் கலையைப் பற்றி அதிகம் எழுதப்பட்ட ஆட்டம் பேஸ்பால். நம்மவர்களும் அங்கிருந்தே கருத்துகளைக் கடன் வாங்குகிறார்கள். கடன் வாங்கும்போது ஒரு வேறுபாடு கவனத்தில் தப்பிவிடுகிறது. 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட் என்ற இளம் வீரரைப் பருவத்தின் முதல் சில நாட்கள் கீழ்நிலை அணியிலேயே வைத்திருந்து ஏப்ரல் 17 அன்று அழைத்தது. ஒரு முழுப் பணியாண்டுக்கு 172 நாள் வேண்டும். அவருக்குச் சேர்ந்தது 171. அந்த ஒரு நாளால் அவர் மேலும் ஓராண்டு அணியின் பிடியில் இருந்தார். பிரையன்ட் முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. வீரனின் விலையைத் தீர்மானிக்கும் தேதி அங்கே அணியின் கையில் இருக்கிறது. இங்கே அது இந்தியத் தேர்வுக்குழுவின் கையில். அணிக்கு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே மிச்சம். இன்னொன்று: 2011 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நூறுக்கு மேல் தோற்ற ஹூஸ்டன், கடைசி இடத்துக்குக் கிடைக்கும் முதல் தேர்வு உரிமைகளைக் கொண்டு அணியைக் கட்டி 2017இல் வென்றது. ஐபிஎல்லில் கடைசி இடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. 2023இல் பத்தாவதாக முடித்த சன்ரைசர்ஸே இதற்குச் சாட்சி.

அந்த 2023 டிசம்பர் ஏலத்தைப் பற்றி வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது; ஒரு குறிப்பு மட்டும். 13.25 கோடிக்கு வாங்கிய ஹாரி புரூக்கை விடுவித்து, 34 கோடியோடு துபாய் போய் 30.8 செலவழித்தார்கள். கம்மின்ஸுக்கு 20.5 கோடி என்பதை அணியின் மதிப்பீடாக மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஏல விலையை எழுதுகிறவர் இரண்டாவதாக நிற்பவர். எதிரே பெங்களூரு விடாமல் கையைத் தூக்கிக்கொண்டிருந்ததால் அந்த எண் உண்டானது. அதே அறையில் ஹெட் 6.8 கோடிக்கு வந்தார். அதற்கு முந்தைய ஏலங்களில் அபிஷேக் 6.5, கிளாசன் 5.25, நிதிஷ் 20 லட்சம். உப்பலில் 2023இல் ஏழில் ஒன்றே வென்ற அணி 2024இல் மழை விழுங்கிய ஒன்று போக ஆறில் ஐந்து வென்றதற்கு இந்தச் சிறிய எண்களே பெரிய காரணம் என்பது என் துணிபு. கம்மின்ஸின் தலைமையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம்.

இனி ஆட்சேபங்கள். நடந்து முடிந்த பிறகு பேசுவது எளிது என்பார்கள். 61, 75, 65 என்ற மூன்று கூட்டல்களையும் அக்டோபர் 30 அன்றே போட்டிருக்கலாம் என்பது மட்டுமே பதில். நிதிஷை ஏலத்துக்கு விட்டிருந்தால் 14 கோடிக்கு மேலும் போயிருப்பார் என்பது இரண்டாவது. போயிருக்கலாம். ஆனால் நால்வரோடு நின்றிருந்தால் 59 கோடியும் இரண்டு அட்டைகளும் கையில் இருந்திருக்கும். அதில் ஒன்றை நிதிஷுக்கே தூக்கியிருக்கலாம், விலை தாறுமாறாக ஏறினால் கீழே வைத்திருக்கலாம். உச்ச விலை கேட்ட அணி கடைசியாக ஒருமுறை விலையை ஏற்றலாம் என்ற புது விதி அட்டையின் வலுவைக் குறைத்தது உண்மை; ஆனாலும் வலு குறைந்த அட்டை, இல்லாத அட்டையைவிட மேல். காயத்திலிருந்து மீண்டு வந்த நிதிஷ் 2025இல் 182 ரன்னோடு முடித்ததை நான் சான்றாக எடுக்கவில்லை. அது வேறு பேச்சு.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: கிஷனுக்கு 11.25 கோடி கொடுக்காமல் இருந்திருந்தால் மறுநாள் புவனேஷ்வருக்குப் பணம் இருந்திருக்குமே? இருந்திருக்கும். கிளாசன் என்ற கீப்பர் கையில் இருக்க இன்னொரு கீப்பரா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. உப்பலில் முதல் ஆட்டத்திலேயே 47 பந்தில் 106 அடித்து, அணியை 286க்கு ஏற்றி கிஷன் அவர்கள் வாயை ஒரு வாரம் அடைத்தார். அடுத்த நான்கு ஆட்டமும் தோல்வி. இந்த அளவுக்கு முன்னைய வாசிப்போடு உடன்படுகிறேன். கிஷனை விட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும், அட்டை மிஞ்சியிருக்காது.

கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. 2025 நவம்பரில் ஷமியை அதே 10 கோடிக்கு லக்னோவுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அக்டோபர் மாதத்து மூன்று ஆட்டங்களில் போன தொகை, ஓராண்டு கழித்து ரூபாய் பிசகாமல் வேறு வாசல் வழியே திரும்பி வந்தது. அடுத்த மாதம் அபுதாபியில் சன்ரைசர்ஸ் கொடுத்த ஆகப் பெரிய விலை, முதல் சுற்றில் யாரும் கேட்காமல் விட்ட லியாம் லிவிங்ஸ்டனுக்கு 13 கோடி. சுழலும் போடுவார் என்றாலும் அடிக்கத்தான் அழைத்திருக்கிறார்கள். மட்டை மோகம் என்று சொல்பவர்களுக்கு இது சாதகமான சான்றுதான். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.