பிளெக்ட்ரம் என்ற சொல்லும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸும்



போன வாரம் பேத்தி வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். கிடார் வகுப்புக்குப் போகிறாள் அல்லவா, கம்பியை மீட்டும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் சில்லு காணாமல் போய்விட்டது. கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இதுக்கு ஏன் பிளெக்ட்ரம்னு பேரு?" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. "தேடிச் சொல்றேன் கண்ணு" என்றேன். தேடினேன். கிடைத்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் லத்தீன் வழியாக வந்தது. பிறப்பிடம் கிரேக்கம். அங்கே அது 'ப்ளேக்ட்ரான்'. 'ப்ளேஸ்ஸெய்ன்' என்றால் அடிப்பது. 'ட்ரான்' என்ற விகுதி கருவியைக் குறிக்கும். ஆக, பொருள் 'அடிக்கும் கருவி', அவ்வளவுதான். மீட்டுவது, வருடுவது என்ற மென்மையெல்லாம் அந்தச் சொல்லில் இல்லை.

அந்த 'ட்ரான்' விகுதிக்கு வடமொழியில் ஓர் உடன்பிறப்பு உண்டு. பாத்திரம், சாஸ்திரம், சஸ்திரம் என்று முடிகிறதே, அந்தத் 'த்ர' தான். 'பா' என்றால் குடிப்பது, அதற்கான கருவி பாத்திரம். 'சஸ்' என்றால் வெட்டுவது, அதற்கான கருவி சஸ்திரம், அதாவது ஆயுதம். சாஸ்திரத்தில் இருக்கும் 'சாஸ்' என்ற வினைக்குக் கற்பிப்பது என்றும் பொருள், தண்டிப்பது என்றும் பொருள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அடிக்கும் கருவி என்பதால் கிரேக்கர்கள் பல பொருள்களுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். சேவலின் காலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளும் ப்ளேக்ட்ரான்தான். கி.மு. 414-இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனிஸின் 'பறவைகள்' நாடகத்தில் அந்தப் பொருளில் வருகிறது. சேவற்சண்டை பார்த்தவர்களுக்கு அந்த முள் என்ன செய்யும் என்று தெரியும். வரலாற்றின் தந்தை என்று பாடம் நடத்தினோமே ஹெரோடோட்டஸ், அவர் யூப்ரட்டீஸ் ஆற்றில் போன தோல் படகுகளைப் பற்றி எழுதும்போது, நின்றபடி தண்ணீரைத் தள்ளும் துடுப்பையும் இதே சொல்லால் குறிக்கிறார். தண்ணீரை அடிப்பதும் அடிதானே.

அதே வேரிலிருந்து வந்த வேறு சொற்களும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. 'பிளேக்' நோய், அதன் மூலப்பொருள் அடி. கோவைப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள் எழுதும் 'ஹெமிப்ளீஜியா', அதாவது பக்கவாதம், அதுவும் இந்த வேர்தான். நாமும் 'வாதம் அடிச்சிருச்சு' என்றுதானே சொல்கிறோம்!

இசைக் கருவியாக இந்தச் சொல் வரும் பழைய இடங்களில் ஒன்று, கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹெர்மீஸ் துதி. பிறந்த அன்றே குழந்தைக் கடவுள் ஹெர்மீஸ் வாசலில் ஓர் ஆமையைப் பார்க்கிறான். அதைக் கொன்று, ஓட்டில் நரம்பு கட்டி, லயர் என்ற யாழ் செய்து, ப்ளேக்ட்ரானால் தட்டிப் பார்க்கிறான். அந்தக் காலத்துக் குடுவை ஓவியங்களில் யாழோடு கயிற்றில் கட்டிய ப்ளேக்ட்ரானைப் பார்க்கலாம். தொலைந்துவிடக்கூடாதே என்றுதான். பேத்தியிடம் சொன்னேன், "நானும் கட்டிக்கறேன்" என்றாள்.

கொம்பு, தந்தம், எலும்பு, மரம் என்று பலவற்றில் செய்தார்கள். பிற்காலத்தில் கிடாருக்கு அழுங்காமையின் ஓடு பேர்போனது. 1920-களில் செல்லுலாய்டு வந்தது. 1970-களில் வந்த பன்னாட்டு ஒப்பந்தம் ஆமை ஓட்டு வணிகத்தைத் தடுத்தது.

மற்ற மொழிகளையும் பார்த்தேன். சித்தார் வாசிப்பவர்கள் விரலில் மாட்டும் 'மிஸ்ராப்' அரபுச் சொல். 'தரப' என்றால் அடித்தான், அதன் கருவி மிஸ்ராப். கிரேக்கன் யோசித்தபடியே அரேபியனும் யோசித்திருக்கிறான். பாரசீகத்தில் இதற்கு 'ஸக்மே' என்றும் ஒரு பெயர். 'ஸக்ம்' என்றால் காயம். ஊத் வாசிக்கும் அரேபியர்கள் மட்டும் 'ரீஷா' என்கிறார்கள். ரீஷா என்றால் இறகு. கழுகின் இறகுத் தண்டால் வாசித்ததால் அந்தப் பெயர். சரோதுக்கு நம் ஊர் கொட்டாங்கச்சியே போதும், அதைத் தேய்த்து வழவழப்பாக்கி வாசிக்கிறார்கள்.

நம் வீணைக் கலைஞர்கள் விரல் நகத்தால் மீட்டுவார்கள், அல்லது கம்பியால் செய்ததை விரல் நுனியில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 'மீட்டு' என்று பெயர். இந்தப் பெயரில் அடியும் இல்லை, காயமும் இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

கிரேக்கக் கதை ஒன்று. சிறுவன் ஹெராக்ளீஸுக்கு லைனஸ் என்ற வாத்தியார் யாழ் கற்றுக்கொடுத்தார். பையனுக்குக் கை வரவில்லை. வாத்தியார் அடித்தார். பையன் கோபத்தில் திருப்பி அடித்தான், வாத்தியார் செத்தே போனார். யாழால் அடித்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஈலியன் என்பவர், ப்ளேக்ட்ரானால் அடித்தான் என்கிறார். படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்றால், என் வகுப்பிலும் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கடைசி பெஞ்சு. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, குறுக்கே நான்கு ரப்பர் பேண்டு மாட்டி, சோப்பு டப்பா மூடியிலிருந்து முக்கோணமாக வெட்டிய ஒரு சில்லால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். நான் பானிபட் போர் நடத்திக்கொண்டிருந்தேன். சில்லைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். உள்ளங்கையில் பிரம்பால் ஒன்று வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். "இதைத் தட்டிக்கிட்டே இரு, நாளைக்குத் தட்டு ஏந்தத்தான் போற" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் எதையும் தட்டவில்லை. என்னிடம் வாய் திறந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்று யோசித்தால், நான்கு ரப்பர் பேண்டையும் வேறு வேறு இழுவையில் மாட்டியிருந்தான், நான்கும் நான்கு சுரம். அதைக் கேட்கும் காது எனக்கு அன்று இல்லை.

ரோமானிய அறிஞர் சிசரோ தம் நூலொன்றில், மனிதனின் நாக்கு ப்ளேக்ட்ரான் போன்றது, பற்கள் நரம்புகள் போன்றவை என்று தத்துவவாதிகள் சொல்வதாக எழுதுகிறார். நாக்கு உண்டாக்கும் வடுவைப் பற்றிய குறளைத் தமிழாசிரியர் பக்கத்து வகுப்பில் நடத்துவது எனக்குத் தினமும் கேட்கும். கேட்டுக்கொண்டே என் வகுப்பில் நாக்கால் அடித்துக்கொண்டிருந்தேன். கற்பிப்பதற்கும் தண்டிப்பதற்கும் ஒரே வினை என்று மேலே சொன்னேனே, அது வடமொழி இலக்கணத்தில் இருக்கட்டும், வகுப்பறையில் இருந்திருக்க வேண்டாம்.

அடிக்கும் கருவி என்று பெயர் வைத்த அதே மனிதர்கள்தான், எவ்வளவு மெல்ல அடித்தால் நரம்பு பாடும் என்றும் கற்றார்கள். பலம் கூடினால் நரம்பு அறும். பேத்தியின் கிடார் வாத்தியார் முதல் நாள் சொன்னதும் அதைத்தான்: "சில்லை இறுக்கிப் பிடிக்காதே."

தம்பி, இதை நீ படிக்கிறாயோ இல்லையோ, யாராவது உனக்கு அனுப்புவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அன்று நான் பேசியது தப்பு. தமிழில் நரம்பைத் தொடுவதும் மீட்டுவது, இழந்ததைத் திரும்பப் பெறுவதும் மீட்பது. இரண்டும் வேறு வேறு வினைகள்தான். சொன்ன சொல்லை மீட்க முடியாது. மன்னிப்புக் கேட்கலாம், கேட்கிறேன்.

மற்றவர்களும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், ஊரில், இந்தச் சில்லுக்கு என்ன பேர்? என் பிரம்பைப் பற்றியும் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்